ஒரே அடுப்பு, இரண்டு தட்டு

வாசகர் கேள்வி:

மாமனார், மாமியார் இருவரும் எங்களோடு கும்பகோணத்தில் இருக்கிறார்கள். அத்தைக்கு 71 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை, பிபி இரண்டும் உண்டு. பிபிக்கு டெல்மிசார்ட்டான் போடுகிறார். போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.6, இ-ஜிஎஃப்ஆர் 34, பொட்டாசியம் 5.7 என்று வந்திருக்கிறது. டாக்டரைப் பார்க்க அடுத்த மாதம்தான் தேதி.

மாமாவுக்கு 76 வயது. எட்டு வருடத்துக்கு முன் இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தினார்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் அசிட்ரோம் மாத்திரை போடுகிறார். கீரை சாப்பிட்டால் அந்த மாத்திரை வேலை செய்யாது என்று யாரோ சொன்னதால் இரண்டு மாதமாகக் கொத்தமல்லித் தழையைக்கூட எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறார். இப்போது ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் எண், ஏறினால் உறையத் தாமதமாகும்) 4.6 ஆகி, டாக்டர் மாத்திரை அளவைக் குறைத்திருக்கிறார்.

அத்தைக்குக் கிட்னி சுத்தமாகட்டும் என்று காலையில் வாழைத்தண்டுச் சாறும் சாயங்காலம் முருங்கைக்கீரை சூப்பும் நான்தான் கொடுத்து வந்தேன். பிபிக்கு நல்லது என்று சோடியம் குறைந்த பாக்கெட் உப்புக்கும் மாறினோம். இப்போது மார்க்கெட்டில் போய் நின்றால் எந்தக் காயைத் தொடுவது என்றே தெரியவில்லை. ஒருவருக்கு ஆகிற காய் இன்னொருவருக்கு ஆகாது போலிருக்கிறது. அத்தையோ முருங்கைக்காய் சாம்பார் வைத்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒரே அடுப்பில் இரண்டு பேருக்கும் எப்படிச் சமைப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

காய்கறிப் பேச்சு பிறகு இருக்கட்டும். அத்தையின் பொட்டாசியம் 5.7 என்பது அடுத்த மாதத் தேதி வரை காத்திருக்கிற விஷயம் அல்ல. பெரும்பாலான லேப்களில் 5 அல்லது 5.1 வரைதான் சரியான அளவு என்று போட்டிருப்பார்கள். இந்த வரியைப் படித்ததுமே டாக்டருக்கு போன் செய்து எண்ணைச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வார், ஒரு ஈசிஜியும் பார்க்கச் சொல்லலாம். ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்துபோனாலும் பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும், அதனால் இரண்டாவது பரிசோதனை அவசியம். கை கால் திடீரென்று தளர்ந்து போவது, நெஞ்சு படபடப்பு, துடிப்பு விட்டு விட்டு வருவது, மயக்கம் என்று எது தெரிந்தாலும் போன் செய்துகொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுங்கள். பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பைத்தான் முதலில் கெடுக்கும். டெல்மிசார்ட்டானை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அது பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றக்கூடிய மாத்திரைதான். ஆனாலும் சர்க்கரை உள்ளவர்களின் சிறுநீரகத்தைக் காப்பதும் அதே வகை மாத்திரைகள்தான். குறைப்பதா மாற்றுவதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

இன்றைக்கே நீங்கள் நிறுத்த வேண்டியவை மூன்று: வாழைத்தண்டுச் சாறு, முருங்கைக்கீரை சூப், அந்த பாக்கெட் உப்பு. மூன்றில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது உப்புதான். சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு அது பிபிக்கு நல்ல உப்பு. அத்தைக்கோ சாதத்தில், குழம்பில், மோரில் என்று மூன்று வேளையும் பொட்டாசியம் கரண்டி கரண்டியாகப் போகிறது. பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்தவும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண உப்புக்கே திரும்புங்கள், அளவை மட்டும் குறையுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். வத்தல், வடகம், அப்பளம், ஊறுகாய் எல்லாம் அந்த ஒரு ஸ்பூனுக்குள் அடக்கம். இந்துப்புக்கு மாறலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அதில் தனிப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. முருங்கைக்கீரை நல்லது என்பது பொய் இல்லை. பொட்டாசியம் நிறைந்த காயும் கீரையும் பிபியைக் குறைக்கும் என்பதும் உண்மை. நல்ல சிறுநீரகம் மிஞ்சிய பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும், அத்தையின் சிறுநீரகத்தால் இப்போது அது முடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளுக்கு மருந்தாக இருக்கிற அதே சூப் அத்தைக்குச் சுமையாகிவிடுகிறது. அதனால் இந்தக் காய் நல்லதா கெட்டதா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். யாருடைய தட்டுக்கு, அவருடைய ரிப்போர்ட்டில் என்ன எண், அவர் என்ன மாத்திரை போடுகிறார் என்று கேளுங்கள். கூடையை எடுக்கும் முன் ரிப்போர்ட்டையும் மாத்திரை அட்டையையும் பார்க்க வேண்டிய வீடு உங்கள் வீடு.

வாழைத்தண்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது கல்லைக் கரைக்கும், கிட்னியைக் கழுவிவிடும் என்ற நம்பிக்கை நம் ஊர்ப் பக்கம் வேரூன்றிப் போயிருக்கிறது. கல் வேறு, சர்க்கரையால் சிறுநீரகம் தேய்வது வேறு. தேய்ந்த சிறுநீரகத்தைக் கழுவிச் சரிசெய்கிற சாறு எதுவும் கிடையாது. அதோடு, எந்தக் காயையும் சாறாக்கினால் தட்டில் வைத்துச் சாப்பிடுவதைப் போல மூன்று நான்கு மடங்கு ஒரே டம்ளரில் இறங்கிவிடும், நாரும் போய்விடும். அத்தைக்கு எந்தக் காய்ச் சாறும் வேண்டாம். இளநீரும் வேண்டாம், ஒரு இளநீரிலேயே 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும். நட்சத்திரப் பழத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது நரம்பைத் தாக்கும் நஞ்சு.

இனி மார்க்கெட்டுக்குப் போவோம். பொட்டாசியம் அதிகம் இருப்பவை உருளை, சேனை, சேப்பங்கிழங்கு, வள்ளி, வாழைக்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு, முருங்கைக்காய், கீரைகள், தக்காளி. முருங்கைக்கீரை 100 கிராமில் 350 முதல் 400 மில்லிகிராம் வரை இருக்கும், உருளையில் 400-க்கு மேல். அதே 100 கிராம் சுரைக்காயில் சுமார் 150தான், முட்டைக்கோஸிலும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே அத்தைக்கு சுரை, புடலை, பீர்க்கை, கோவை, சௌசௌ, வெள்ளரி, முட்டைக்கோஸ், கத்தரிப் பிஞ்சு, குடைமிளகாய் என்று சுற்றி வாருங்கள். நம் தஞ்சாவூர்ச் சமையலுக்கு இது கஷ்டமே இல்லை. புடலங்காய்க் கூட்டும் பீர்க்கங்காய்த் துவையலும் யாருக்குத் தண்டனை? சுரைக்காயில் மட்டும் ஒரு எச்சரிக்கை. நறுக்கியதும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் முழுக் காயையும் தூக்கிப் போடுங்கள். 2010-ல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து ஒருவர் இறந்தே போனார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இதற்கென்று ஒரு நிபுணர் குழுவையே அமைத்தது.

பொட்டாசியம் தண்ணீரில் கரையும். உங்களுக்குச் சாதகமான விஷயம் இது. காயைத் தோல் சீவி மெல்லிசாக நறுக்குங்கள். நறுக்க நறுக்கப் பரப்பு கூடும், அவ்வளவுக்குப் பொட்டாசியம் வெளியே வரும். பெரிய பாத்திரத்தில் காயைப் போல நான்கைந்து மடங்கு தண்ணீர் கொதிக்கும்போது போட்டு, முக்கால் பதம் வெந்ததும் தண்ணீரை முழுக்க இறுத்துவிட்டுத் தாளியுங்கள். ஊற வைப்பதைவிடக் கொதிக்க வைத்து இறுப்பதுதான் அதிகம் குறைக்கும். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு விசில் வைத்தால் பொட்டாசியம் அங்கேயே சுற்றிக்கொண்டு இருக்கும். நம் வீடுகளில் பெரிய பழக்கம் ஒன்று உண்டு: கீரையும் காயும் வெந்த தண்ணீரைச் சத்து வீணாகக் கூடாது என்று ரசத்தில் ஊற்றிவிடுவோம். என் அம்மா கடைசி வரை அப்படித்தான் செய்தார். உங்கள் வீட்டில் அந்தத் தண்ணீர் அத்தையின் ரசத்துக்குப் போகக் கூடாது. மருமகள் தண்ணீரைக் கொட்டுகிறாளே என்று அத்தை மனசு சங்கடப்படலாம். முதல் நாளே பக்கத்தில் உட்கார வைத்து, இந்தத் தண்ணீரில்தான் உங்களுக்கு ஆகாத உப்பு இருக்கிறது என்று காட்டிச் சொல்லிவிடுங்கள். இறுப்பதில் வைட்டமின் சி-யும் ஃபோலிக் அமிலமும் கொஞ்சம் போகத்தான் செய்யும். அதற்குத்தான் வெள்ளரித் துண்டு, கொஞ்சம் குடைமிளகாய், கடைசியில் பிழிகிற அரை மூடி எலுமிச்சை.

இவ்வளவும் சொன்னதால் காயையே குறைத்துவிடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உணவு ஆலோசனை சொல்லும் இந்த வேலைக்கு வந்த புதிதில், சிறுநீரகக் கோளாறோடு வந்த ஒரு பாட்டியிடம் 'சாப்பிடக் கூடாதவை' என்று இரண்டு பக்கப் பட்டியலைக் கொடுத்து அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து வந்தபோது புடவை இடுப்பில் நிற்கவில்லை, ஆறு கிலோ குறைந்திருந்தார். எதைச் சாப்பிட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் மோர் சாதத்தையும் பிஸ்கட்டையும் மட்டும் சாப்பிட்டு வந்திருக்கிறார். "நீ கொடுத்த காகிதத்தில் இல்லாதது அது ரெண்டுதாம்மா" என்றார். அன்றைக்கு என் தப்பு எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு கூடாதவற்றின் பட்டியலைத் தனியாக யாருக்கும் கொடுத்ததில்லை. எழுபது வயதுக்கு மேல் எடை குறைவதும் தசை கரைவதும் பொட்டாசியத்துக்குச் சற்றும் இளைத்த ஆபத்து இல்லை. காய் குறைந்தால் மலச்சிக்கல் வரும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியம் மலத்தின் வழியாகவும் கொஞ்சம் வெளியேறுகிறது, சிக்கல் வந்தால் அந்த வழியும் அடைபடும். ஆகவே மதியம் ஒரு கூட்டு, ஒரு பொரியல், இரவு ஒரு காய் என்று தட்டில் இருக்கட்டும். பல் சரியில்லை என்றால் நார் உரித்து, பொடியாக நறுக்கி, குழைய வேக வையுங்கள். பொட்டாசியம் இறங்கியதும் இந்தக் கெடுபிடியைத் தளர்த்தலாம். சிறுநீரகப் பிரச்சினை உள்ள எல்லோருக்கும் பொட்டாசியக் கட்டுப்பாடு தேவையில்லை, ரத்தத்தில் எண் ஏறியவர்களுக்குத்தான்.

அத்தையின் சர்க்கரைக்கும் இதே காய்கள் பொருந்தும். மண்ணுக்கு அடியில் விளைவது எல்லாம் சர்க்கரைக்கு ஆகாது என்பதைப் பலர் வேதவாக்காக வைத்திருக்கிறார்கள். முள்ளங்கியும் கேரட்டும் மண்ணுக்கு அடியில்தான் விளைகின்றன, அளவாகச் சாப்பிட்டால் சர்க்கரையை ஒன்றும் செய்யாது. உருளையும் சேனையும் வள்ளியும் மாவுச்சத்து, சாதத்தோடு அவற்றையும் வைத்தால் சாதத்துக்குச் சாதமே தொட்டுக்கொள்ள என்று ஆகிவிடும். பாகற்காயைக் கறியாகச் செய்து கொடுங்கள். சாறாக வேண்டாம். சர்க்கரை மாத்திரையோடு பாகற்சாறும் சேர்ந்து சர்க்கரை தாழ்ந்துபோய் விடியற்காலையில் வேர்த்துக் கிடந்த வயதானவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். வயதானவர்களுக்கு ஏறின சர்க்கரையைவிடத் தாழ்ந்த சர்க்கரை சீக்கிரம் ஆளை வீழ்த்தும்.

இனி மாமா. அவர் விஷயம் முற்றிலும் வேறு. அசிட்ரோம் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிறது. கீரைகளில் வைட்டமின் கே மிக அதிகம். ஒரு கப் வெந்த பாலக்கீரையில் ஒரு நாள் தேவையைப் போலப் பல மடங்கு இருக்கும். கொத்தமல்லி, புதினாவிலும் நிறைய. தாளிப்பில் தூவுகிற நாலு தழை ஒன்றும் செய்யாது, ஒரு கட்டு அரைத்த கொத்தமல்லித் துவையல் கீரைக் கணக்கில் சேரும். இதைக் கேட்டதும் கீரையே வேண்டாம் என்று முடிவு கட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. டாக்டர் மாத்திரை அளவை நிர்ணயிப்பது அவர் வழக்கமாகச் சாப்பிடுகிற கீரையையும் சேர்த்துத்தான். ஐஎன்ஆர் பார்த்துப் பார்த்து அளவை ஏற்றி இறக்குவதே அதற்குத்தான். திடீரென்று கீரையை நிறுத்தினால் அதே மாத்திரை கூடுதலாக வேலை செய்து ரத்தம் நீர்த்துப்போகும். வாரம் முழுக்கத் தொடாமல் இருந்து, மகள் வீட்டுக்குப் போன இடத்தில் இரண்டு நாள் கீரை மசியலாக வெளுத்துக் கட்டினால் வால்வில் ரத்தம் கட்டியாக உறையும் அபாயம் வரும். 4.6-க்குக் கீரை நின்றது ஒரு காரணமாக இருக்கலாம். காய்ச்சல், ஆன்டிபயாடிக், சாப்பாடு குறைந்தது, புது மாத்திரை இவையும் ஏற்றிவிடும். இவற்றில் எது நடந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், கருப்பாக மலம், காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டு, தலையில் அடி, இவற்றில் எதுவானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஆகவே மாமாவுக்கு வேண்டியது அளவு மாறாத கீரை. ஆனால் நாளைக்கே ஆரம்பித்துவிடாதீர்கள். கீரை இல்லாத நிலைக்கு ஏற்றபடி டாக்டர் இப்போது மாத்திரையைக் குறைத்திருக்கிறார். அதன் மேல் கீரை வந்தால் ஐஎன்ஆர் இறங்கிவிடும், செயற்கை வால்வு உள்ளவருக்கு அதுவும் ஆபத்து. அடுத்த ஐஎன்ஆர் பார்க்கும்போது, வாரத்தில் இன்னின்ன நாள் அரை கப் கீரை கொடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். தொடங்கிய ஒரு வாரத்தில் மறுபடி பாருங்கள். செவ்வாய், வெள்ளி என்று நாளைக் குறித்துக்கொண்டு, அதே கரண்டி, அதே அளவு. மற்ற நாட்களில் கத்தரி, பூசணி, கேரட், சுரை, முள்ளங்கி எதுவும் கவலையில்லாமல் சாப்பிடலாம், வைட்டமின் கே குறைவு. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற மாத்திரை போடுகிறவர்களுக்கும், புதிதாக வந்திருக்கும் அபிக்ஸாபான் வகை போடுகிறவர்களுக்கும் இந்தக் கீரைக் கணக்கே தேவையில்லை. மாமாவின் நண்பர் யாராவது நான் தினமும் கீரை சாப்பிடுகிறேனே என்றால், அவருடைய மாத்திரை அட்டை வேறாக இருக்கும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வேகவைத்து இறுத்தால் பொட்டாசியம் போய்விடும். வைட்டமின் கே போகாது, அது கொழுப்பில் கரைவது. அத்தைக்குச் செய்கிற தந்திரம் மாமாவின் கீரைக்குப் பலிக்காது.

இப்போது அடுப்புக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் தினசரிக் கூட்டும் பொரியலும் அத்தையின் காய்களில் இருந்தே அமையட்டும். அவை மாமாவுக்கும் தோதானவை, உங்களுக்கும் குழந்தைகளுக்கும் நல்லவை. தனிச் சமையல் தேவைப்படாது. முட்டைக்கோஸில் வைட்டமின் கே நடுத்தரம், வாரம் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் மாமாவுக்கும் பிசகாது. சாம்பாரில் பருப்பை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்து, தக்காளி குடும்பத்துக்கே ஒன்று என்று போதும். செவ்வாயும் வெள்ளியும் கீரை மசிக்கும்போது அது அத்தை தட்டுக்குப் போகாமல் இருந்தால் சரி. அன்றைக்கு அவருக்கு நேற்றைய காயை வைத்துவிடாமல், இரண்டு கோவைக்காயாவது புதிதாக வதக்கி வையுங்கள். மற்றவர் தட்டில் கீரை இருக்க, தன் தட்டில் பழையது இருந்தால் அந்த வயதில் மனசு வலிக்கும். குழந்தைகளுக்கு உருளைக்கிழங்கு வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். அத்தைக்கும் ஆசை என்றால், பொட்டாசியம் இறங்கிய பிறகு, சன்னமாக நறுக்கி இரண்டு தடவை தண்ணீர் மாற்றிக் கொதிக்க வைத்து இறுத்த நாலு துண்டு, அன்றைக்குச் சாதத்தில் ஒரு கரண்டி குறைவு.

டாக்டரிடம் போகும்போது இருவரின் ரிப்போர்ட், மாத்திரை அட்டை, வீட்டில் கொடுக்கிற கஷாயம், சூரணம், சத்துமாவு டப்பா அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அந்த உப்பு பாக்கெட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். பால், பருப்பு, முட்டை எவ்வளவு என்பதை அத்தையின் யூரின் பரிசோதனையையும் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதனால் அதை இங்கே எழுதவில்லை.

முருங்கைக்காய் சாம்பார். அடுத்த பரிசோதனையில் பொட்டாசியம் 5-க்குள் வந்து, டாக்டரும் சரி என்றால் வைத்துக் கொடுங்கள். காயை விரல் நீளத்துக்கு நறுக்கி, தனிப் பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் வேகவைத்து இறுத்துவிட்டு, கொதித்து முடிந்த சாம்பாரில் கடைசியாகப் போடுங்கள். அத்தை தட்டில் இரண்டு துண்டு. மாதத்தில் இரண்டு முறை அப்படிச் செய்தால் பாதகம் இல்லை. சாம்பாரில் வாசனை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், பெருங்காயத்தை ஒரு சிட்டிகை கூட்டிக்கொள்ளுங்கள்.